பையனின் ராப் நோட்டு – கடிதம்

அண்ணா வணக்கம்,

நான் கொருக்குப்பேட்டையில் இருக்கிறேன். வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன், வீட்டுக்காரருக்கு ஹார்பரில் லோடு வேலை. கானாப் பாட்டு பற்றி நீங்கள் எழுதியதை என் தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான், அதைப் படித்துவிட்டுத்தான் தைரியமாக எழுதுகிறேன். என் பையன் பிளஸ் ஒன் படிக்கிறான். ஒரு வருஷமாக எந்நேரமும் ராப்தான். சாப்பிடும்போதுகூடக் காதில் ஹெட்செட். போன வாரம் அவன் கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தால் பின்பக்கம் முழுக்கப் பாட்டு எழுதி வைத்திருக்கிறான். படித்ததும் எனக்குப் பதறிவிட்டது. ஒன்று இப்படி இருந்தது:

எங்க பேட்டைக்குள்ள கால வெச்சா
எகிறிப் போவும் தல
என் கைல இருக்கு பட்டா – இங்க
எவனும் எனக்கு நிகர் இல்ல

இரண்டு பக்கம் தள்ளி இது:

கேட்டு போட்டான், கூட்ஸு போவுது, பொட்டிய எண்ணு – நாப்பத்திரண்டு
ஆட்டோ உள்ள ஆயா மூச்சு, அதையும் எண்ணு – வருதா ரெண்டு?

இரண்டாவது என் மாமியாரைப் பற்றி. மூச்சுத்திணறல் வந்து ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்போது ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள். பையனும் அந்த ஆட்டோவில்தான் இருந்தான். கடவுள் புண்ணியத்தில் பிழைத்துவிட்டார். வீட்டுக் கஷ்டத்தை எல்லாம் பாட்டாக எழுதி ஊர் கேட்க வைப்பது அசிங்கம் இல்லையா? இன்னொரு பக்கத்தில் பொம்பளைப் பிள்ளைகளைப் பற்றி எழுதியிருக்கிறான், அதை என் கையால் எழுத முடியவில்லை.

ஏற்கெனவே நம்ம ஏரியா பேரைச் சொன்னாலே வேலைக்கு எடுக்க யோசிக்கிறார்கள். இந்தப் பாட்டுகள்தான் பிள்ளைகளைக் கெடுக்கிறதா அண்ணா? நோட்டைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று இருக்கிறது. இதில் பாட்டை ரெக்கார்டு பண்ண நாலாயிரம் ரூபாய் வேண்டும் என்று வேறு கேட்கிறான். பெயர் போட வேண்டாம்.

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு அம்மா

*

அன்புள்ள சகோதரிக்கு,

நோட்டைக் கிழிக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம், முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதம் ராத்திரி வந்தது, காலையில் எழுந்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன், அதற்குள் நோட்டு அடுப்புக்குப் போயிருக்கக் கூடாதே என்ற கவலையோடுதான் எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய இரண்டு துண்டும் ஒரே பையன் எழுதியது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதல் பாட்டில் கொருக்குப்பேட்டை எங்கே இருக்கிறது? பேட்டை என்கிற சொல்லை எடுத்துவிட்டால் அதை மதுரைப் பையன் பாடலாம், தாராவிப் பையன் பாடலாம், அமெரிக்காவில் எவனோ ஒருவனும் பாடலாம். அவன் கையில் பட்டாக்கத்தி இல்லை என்று உங்களுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் பார்த்த வீடியோக்களில் எல்லாரும் அப்படித்தான் பாடுகிறார்கள், ராப் என்றால் முதலில் இதைப் பாடித்தான் உள்ளே வர வேண்டும் என்று அவன் நினைத்திருக்கிறான். எழுதப் பழகுகிற எல்லாரும் முதலில் அடுத்தவன் குரலில்தான் எழுதுவார்கள். கவிதை எழுத வருகிற பையன்கள் நிலாவையும் கல்லறையையும் எழுதுவதைப் போலத்தான் இதுவும்.

இரண்டாவதை நான் பலமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். கேட்டு, ஆட்டோ என்று இரண்டு அடியின் தொடக்கத்திலும் எதுகை தானாக வந்து விழுகிறது. கடைசியில் நாப்பத்திரண்டு, ரெண்டு. பள்ளிக்கூடத்தில் எதுகைக்கு விதி மனப்பாடம் பண்ணியிருப்பான், ஆனால் இதை விதி பார்த்து எழுதவில்லை, காதால் எழுதியிருக்கிறான். அதைவிட, ‘எண்ணு’ என்று இரண்டு தடவை சொல்கிறான் பாருங்கள், முதல் தடவை கேட்டில் நிற்கிற எல்லாரும் பொழுது போகாமல் பண்ணுகிற வேலை அது, நானும் சின்ன வயதில் கூட்ஸ் பெட்டி எண்ணியவன்தான், இரண்டாவது தடவை அதே சொல் வரும்போது வயிற்றைப் பிசைகிறது. ஐயோ இல்லை, பாவம் இல்லை, யாரையும் திட்டவும் இல்லை. நாற்பத்திரண்டு பெட்டி போகிற நேரத்துக்குள் ஒரு கிழவியின் மூச்சு இரண்டு தடவை வருகிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஒரு பையன், அதைப் பார்த்தபடியே எழுதிவிட்டான். கொருக்குப்பேட்டை கேட்டைத் தாண்டி வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற ஜனங்கள் எத்தனை வருஷமாக அங்கே நின்றுகொண்டிருக்கிறார்கள், அதைப் பற்றி எத்தனையோ மனு எழுதியிருப்பார்கள், அந்த மனு எதிலும் இந்த இரண்டு வரி இருக்காது.

இது அசிங்கமா என்று கேட்கிறீர்கள். உங்கள் கூச்சம் எனக்குப் புரிகிறது. வறுமையை வெளியே சொல்லாமல் மடித்து வைப்பது நம் வீடுகளில் மானம் சம்பந்தப்பட்ட விஷயம், நான் வளர்ந்த வியாசர்பாடியிலும் அப்படித்தான். ஆனால் கேட் போட்டதில் உங்கள் வீட்டுக்கு என்ன அவமானம்? ஆட்டோவுக்குள் மூச்சுக்குத் தவித்தவருக்கு என்ன அவமானம்? அவமானம் யாருக்காவது உண்டென்றால் அது வேறு இடத்தில் இருக்கிறது, பையன் அதைச் சரியாகவே பார்த்திருக்கிறான். ஒன்றே ஒன்று செய்யலாம். அந்தப் பாட்டை வெளியே பாடுவதற்கு முன்னால் ஆயாவிடம் ஒரு தடவை பாடிக் காட்டச் சொல்லுங்கள். அது அவர் மூச்சு, அவர் சரி என்று சொன்னால் போதும்.

சரி, பெரிய கேள்விக்கு வருகிறேன். இந்தப் பாட்டுகள் பிள்ளைகளைக் கெடுக்கிறதா?

பாட்டுக்குப் பாதிப்பே இல்லை என்று சொல்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். பாட்டு ஆளை மாற்றும் என்று நம்பாவிட்டால் நான் எதற்கு இத்தனை வருஷம் பாட்டைப் பற்றி எழுத வேண்டும்? 2003இல் அமெரிக்காவில் அயோவாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். வன்முறையான வரிகள் உள்ள பாட்டைக் கேட்டதும் மனதில் பகையான எண்ணங்கள் கூடுகின்றன என்று அதில் தெரியவந்தது. அது உண்மைதான். ஆனால் அவர்கள் அளந்தது பாட்டுக் கேட்ட உடனே மனதில் வருகிற எண்ணத்தை, அந்த வேகம் சீக்கிரமே அடங்கிவிடக்கூடும் என்றும் அவர்களே சொன்னார்கள். அதோடு அந்த ஆய்வில் பெரும்பாலும் போட்டுக் காட்டியது ராக் பாட்டுகளை.

இதற்கு ஏழு வருஷம் முன்னால், 1996இல், கேரி ஃப்ரைட் என்கிற உளவியல் ஆய்வாளர் செய்த ஒரு சோதனை இருக்கிறது. ஒருவன் போலீஸ்காரனைச் சுட்டுக் கொன்றுவிட்டு ஓடுகிற கதையைச் சொல்லும் பழைய அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாட்டு ஒன்றின் வரிகளை எடுத்துக்கொண்டார். சிலரிடம் இது ராப் பாட்டு என்று சொல்லிக் கொடுத்தார், சிலரிடம் இது கன்ட்ரி பாட்டு என்று. கன்ட்ரி என்றால் அங்கே வெள்ளைக்காரக் கிராமத்துப் பாட்டு. ஒரே வரிகள், ஒரு எழுத்து மாறவில்லை. ராப் என்று நினைத்துப் படித்தவர்கள் இது ஆபத்தானது, இதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றார்கள். கன்ட்ரி என்று நினைத்தவர்களுக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. வரிகளோடு கறுப்பினப் பாடகர் படத்தை வைத்தபோதும் இதே கதைதான்.

உங்கள் கடிதத்தில் ‘ஏரியா பேரைச் சொன்னாலே வேலைக்கு எடுக்க யோசிக்கிறார்கள்’ என்று இருந்ததே, அந்த இடத்தில்தான் எனக்கு இந்தச் சோதனை ஞாபகம் வந்தது. விண்ணப்பத்தில் எல்லாம் ஒன்றுதான், படிப்பு ஒன்று, மார்க் ஒன்று, பின்கோடு மட்டும் வேறு. அந்தப் பெயரை ராப் பாட்டு நமக்கு வாங்கித் தரவில்லை. புளியந்தோப்பில் பிறந்தவன், காசிமேட்டில் பிறந்தவன் என்றால் முகம் மாறுவது ராப் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதற்கு ரொம்ப முன்னாலேயே இருந்தது, மில் வேலைக்கும் துறைமுக வேலைக்கும் நம் ஆட்கள் வேண்டும், ஆனால் நம் ஆட்கள் பக்கத்து வீட்டில் இருக்கக் கூடாது என்கிற மனசு அது.

கொலையைப் பாடுவதும் புதிதில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் இதே ஜார்ஜ் டவுன் குஜிலிச் சந்தைக் கடைகளில் காலணா, அரையணாவுக்குப் பாட்டுப் புத்தகம் விற்றார்கள். ஊரில் ஒரு கொலை நடந்தால் உடனே கொலைச்சிந்து அச்சாகிவிடும், வெள்ளம் வந்தால் வெள்ளச்சிந்து, ரயில் கவிழ்ந்தால் அதற்கொன்று. தெருமுனையில் நின்று பாடி விற்பார்கள். படித்தவர்கள் அதையெல்லாம் மட்டம் என்று ஒதுக்கினார்கள், இன்றைக்கு ஆய்வாளர்கள் அந்தப் பழைய தாள்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். அப்புறம் தஞ்சாவூர்ப் பக்கத்து லாவணி, காமன் எரிந்தான், எரியவில்லை என்று எரிந்த கட்சி எரியாத கட்சியாக இரண்டு பேர் மேடையில் ஒருத்தரை ஒருத்தர் பாட்டாலேயே மடக்குவது. பையன் மொபைலில் ராப் பேட்டில், அதாவது ராப்பிலேயே மோதுகிற போட்டி, பார்த்தால் நீங்களும் கொஞ்சம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், அவ்வளவு அந்நியமாக இருக்காது.

ராப் பிறந்த கதையும் நமக்கு அந்நியமில்லை. நியூயார்க்கில் பிராங்ஸ் என்கிற பகுதி, நடுவே பெரிய நெடுஞ்சாலை போட்டுக் குடியிருப்புகளைக் கிழித்துவிட்டார்கள், வேலை போயிற்று, வீடுகள் எரிந்தன. 1973 ஆகஸ்ட் 11ஆம் தேதி செட்ஜ்விக் அவென்யூவில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் கூல் ஹெர்க் என்கிற ஜமைக்காக்காரப் பையன், தங்கை ஏற்பாடு செய்த பார்ட்டியில் இசைத்தட்டு போட்டான், பாட்டில் தாளம் மட்டும் வருகிற துண்டை நீட்டி நீட்டி ஓட்டினான், அதன் மேல் மைக்கில் பேசினார்கள். வாத்தியம் வாங்கக் காசில்லாத இடத்தில் இசைத்தட்டே வாத்தியமானது. டோலக்கு கிடைக்காதபோது சட்டியும் மேசையும் வைத்துக் கானா பாடியவர்களின் ஊர்க்காரர்கள் நாம், நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு இடத்தில் உங்கள் பயத்தோடு நான் முழுக்க நிற்கிறேன். 1980களின் தொடக்கத்தில் வந்த ராப்பில் உடைந்த கண்ணாடி, நாறுகிற மாடிப்படி, கடன்காரன், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. 1988இல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்திலிருந்து என்.டபிள்யூ.ஏ என்கிற குழு துப்பாக்கியும் போலீஸ் அடியுமாக ஒரு ஆல்பம் போட்டது. அதில் போலீஸைத் திட்டிய ஒரு பாட்டுக்காக மறு வருஷம் எஃப்.பி.ஐ என்கிற மத்தியப் புலனாய்வு அமைப்பின் அதிகாரி ஒருவர் ரெக்கார்டு கம்பெனிக்குக் கடிதம் எழுதினார், அதுவே விளம்பரமாகி இன்னும் விற்றது. போலீஸிடம் தினம் தினம் அடிவாங்கிய பையன்களின் நிஜமான கோபம் அதில் இருந்தது, அதை நான் மறுக்க மாட்டேன். அடுத்து நடந்ததுதான் விஷயம். அதுவரை அமெரிக்காவில் எது அதிகம் விற்கிறது என்கிற பட்டியலைக் கடைக்காரர்களிடம் விசாரித்துத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1991 மே மாதம் பில்போர்டு பத்திரிகை கடை பில் கணக்கையே நேரடியாக எடுக்க ஆரம்பித்தது. ஜூன் மாதம் அதே என்.டபிள்யூ.ஏவின் அடுத்த ஆல்பம் முதலிடத்தில் நின்றது. யார் வாங்கினார்கள் என்று பார்த்தால், ஊருக்கு வெளியே வசதியான புறநகர்களில் இருக்கிற வெள்ளைக்காரப் பிள்ளைகளிடம்தான் அது அப்படிப் போயிருக்கிறது. அந்தத் தெருவில் ஒருநாள்கூட நடக்காதவர்களுக்கு அந்தத் தெருவின் துப்பாக்கிதான் வேண்டியிருந்தது. கம்பெனிகள் அதைப் பிடித்துக்கொண்டன. அதற்கப்புறம் அதே மாதிரித் தெருவிலிருந்து வருகிற ஒரு பையன் அம்மாவைப் பற்றிப் பாடினால் அடுத்த வாரம் வா என்பார்கள், துப்பாக்கியைப் பற்றிப் பாடினால் உட்கார் என்பார்கள்.

இங்கே நமக்கு அதைச் செய்வது சினிமா. வடசென்னை என்று எழுதிவிட்டால் போதும், அடுத்த காட்சியில் கத்தி வரும், கானா வரும், இறுதி ஊர்வலத்தில் ஆட்டம் வரும். வியாசர்பாடியில் கால்பந்து விளையாடிக் கிளப் வரைக்கும் போன பையன்கள் எத்தனை பேர், ராயபுரத்தில் பாக்ஸிங், தெருவுக்குத் தெரு கேரம், எண்ணூரில் சாம்பலும் எண்ணெயும் கலந்த ஆற்றில் இறால் தடவுகிற ஜனங்கள், இவர்களெல்லாம் கதைக்கு ஓரமாக எங்கேயோ நிற்பார்கள். இந்தப் படங்களைப் பார்த்து வெளியூர்க்காரன் பயப்படுவது ஒருபக்கம் இருக்கட்டும். நம் பையன் அதைப் பார்த்துவிட்டு, ஓ, நான் இப்படித்தான் இருக்க வேண்டும்போல, என்னிடம் இதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்போல என்று நோட்டை எடுத்து ‘என் கைல இருக்கு பட்டா’ என்று எழுதுகிறானே, என்னைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான். அவன் ரௌடியாகிவிடுவான் என்பதில்லை. தன் கண்ணால் பார்த்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு, அடுத்தவன் தன்னைப் பற்றி வரைந்த படத்துக்குத் தானே வரி எழுதிக் கொடுக்கிறான். ராப் வரிகளால் ஒரு பையனுக்கு வரக்கூடிய கெடுதலிலேயே பெரிய கெடுதல் என்று நான் நினைப்பது இதைத்தான்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்கிற இசைக்குழுவின் முதல் கச்சேரி நடந்தபோது கானாக்காரர்களும் ராப்பர்களும் ராக் வாசிப்பவர்களும் ஒரே மேடையில் நின்று சாதியைப் பற்றியும் இடஒதுக்கீட்டைப் பற்றியும் பாடினார்கள். இட ஒதுக்கீடு என்றாலே வகுப்பில் தலையைக் குனிந்துகொண்ட பிள்ளைகள் அந்தப் பாட்டைச் சத்தமாகப் பாடினதை நான் பிறகு நம் தெருக்களிலேயே கேட்டேன். ராயபுரத்துப் பெண் இசைவாணி, ஆண்களே பாடிக்கொண்டிருந்த கானாவைப் பாடி, பி.பி.சி 2020இல் போட்ட நூறு பெண்கள் பட்டியலில் வந்தார். அரக்கோணத்து ராப் பாடகர் அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு இங்கே நிலமில்லாமல் திரும்பிய தன் பாட்டியைப் பற்றி 2021இல் எழுதிய பாட்டு உலகம் முழுக்கப் போயிற்று. அவர் அதற்காகக் கத்தியைத் தூக்கவில்லை, பாட்டி வாயால் கேட்ட கதையைத்தான் எழுதினார். உங்கள் பையன் எழுதியதும் ஆயாவைப் பற்றித்தான்.

சென்னைப் பெண் சோஃபியா அஷ்ரஃபும் இருக்கிறார். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையில் பாதரசத்தால் உடம்பு கெட்டுப்போன தொழிலாளர்களுக்காக 2015இல் ஒரு ராப் பாடினார். தொழிலாளர்கள் அதற்கு முன்னால் பல வருஷமாகப் போராடிக்கொண்டிருந்தார்கள், வழக்கும் நடந்தது, அவர்கள் பட்ட பாடுதான் பெரிது. ஆனால் அந்த வீடியோவுக்கு அப்புறம்தான் உலகத்தில் பல பேருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரிந்தது. மறு வருஷம் மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது. பாட்டு மட்டும் அதைச் செய்ததென்று சொல்ல மாட்டேன், பாட்டு இல்லாமல் அவ்வளவு சீக்கிரம் நடந்திருக்குமா என்றால் அதையும் நான் நம்ப மாட்டேன்.

பொம்பளைப் பிள்ளைகளைப் பற்றி எழுதிய பக்கம். இதில் மட்டும் அவனுக்குச் சலுகை கொடுக்காதீர்கள். ராப்பில் இது வழக்கம், கானாவிலும் உண்டு, சும்மா ஜாலிக்கு என்றெல்லாம் சொல்வான். வழக்கம்தான், அசிங்கமான வழக்கம். நம் பக்கத்திலேயே சில வருஷம் முன்பு ஒரு கானாப் பாடகர் சிறுமிகளைப் பற்றிக் கேவலமாகப் பாடி, போலீஸ் கூப்பிட்டு எச்சரித்து, மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். அந்தப் பாட்டைப் பல பேர் சிரித்துக்கொண்டே பார்த்திருக்கிறார்கள், அது எனக்கு இன்னும் ஆறவில்லை. அமெரிக்காவில் இதற்குப் பதில் சொன்னதும் ராப் பாடிய பெண்கள்தான், குயீன் லத்தீஃபா 1993இல் இதைக் கேட்டே ஒரு பாட்டுப் போட்டார், அதற்குக் கிராமி விருதும் கிடைத்தது. தடை போட்டதால் வந்த மாற்றத்தைவிட இப்படி உள்ளேயிருந்து கேட்டதால் வந்த மாற்றம் அதிகம். நீங்கள் ஒன்று செய்யுங்கள். திட்டாமல், கத்தாமல், அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவனையே உங்கள் முன்னால் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். உங்களிடம் பிளவுஸ் தைக்க வருகிற பிள்ளைகளில் யாரை நினைத்து இதை எழுதினாய் என்று கேளுங்கள். அவனால் படிக்க முடியவில்லை என்றால் அந்தப் பக்கத்தை அவனே கிழிக்கட்டும்.

முதல் பாட்டைப் பற்றியும் அப்படித்தான் பேச வேண்டும், ஆனால் வேறு மாதிரி. ‘ஏண்டா கத்தி பத்தி எழுதின’ என்று ஆரம்பித்தால் அவன் வாயை மூடிக்கொள்வான். கேட்டு பாட்டு நல்லா இருக்குடா என்று ஆரம்பியுங்கள், ஏனென்றால் அது நிஜமாகவே நன்றாக இருக்கிறது. அதுக்கு அப்புறம் என்னடா ஆச்சு, கேட் தூக்கினதும் என்ன நடந்தது, அதை ஏன் எழுதல என்று கேளுங்கள். ஹார்பரில் அப்பா தூக்குகிற மூட்டை என்ன கனம் என்று அவனுக்குத் தெரியுமா? ஒருநாள் அப்பாவிடமே கேட்கச் சொல்லுங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு நீங்கள் கொக்கி தைத்துக்கொண்டிருக்கும்போது அவன் எதிரே உட்கார்ந்துதானே ஹெட்செட் போட்டிருக்கிறான், அந்த மெஷின் சத்தமே ஒரு பீட்தான். எழுத விஷயம் நிறைய இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பட்டாக்கத்தி தானாகப் பின்னால் போய்விடும், நான் பார்த்த பையன்கள் பல பேருக்கு அப்படித்தான் ஆயிற்று.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். நிஜக் கத்தியோ அட்டைக் கத்தியோ, எதையும் கையில் பிடித்துக்கொண்டு ரீல்ஸ் போடக் கூடாது. கத்தியோடு வீடியோ போட்டு உள்ளே போன பையன்கள் நம் பக்கத்தில் கொஞ்ச நஞ்சமில்லை, அதில் பாதிப் பேர் கெத்துக்காகப் போட்டவர்கள். அமெரிக்காவில் ராப்பர்கள் எழுதிய வரிகளையே எடுத்துக் கொலை வழக்கில் சாட்சியாகக் காட்டியிருக்கிறார்கள், அதற்குக் கட்டுப்பாடு போட்டுக் கலிஃபோர்னியாவில் 2022இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. பாட்டில் ‘நான்’ என்று வருகிறவன் எழுதியவன்தான் என்று நினைக்கிற ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு, பேட்டைப் பையன் என்றால் அப்படி நினைப்பது இன்னும் சுலபம். இது நியாயமில்லை என்று பையனிடம் தாராளமாகச் சொல்லுங்கள். நியாயமில்லை என்பதற்காக ஸ்டேஷன் வாசலில் நீங்கள் போய் நிற்கவும் முடியாது.

கடைசியாக அந்த நாலாயிரம் ரூபாய். இப்போது வேண்டாம். மொபைலிலேயே பாடிப் பதிவு பண்ணிக் கேட்கட்டும், போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு பாடினால் எதிரொலி அடங்கும், ஆரம்பத்துக்கு அது போதும். பத்துப் பாட்டு முழுசாக எழுதி முடித்து, அதில் எது நிற்கிறது என்று அவனுக்கே தெரிந்த பிறகு ஸ்டூடியோவுக்குப் போகலாம். யூடியூபில் இலவசம் என்று போட்டிருக்கிற பீட்டை எடுத்துப் பாடினால், வியாபாரத்துக்குப் பயன்படுத்தலாமா என்று அதன் கீழே எழுதியிருப்பதைப் படிக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் கூடாது என்றுதான் இருக்கும்.

யாராவது சேனல், கம்பெனி என்று வந்து கையெழுத்துக் கேட்டால் போட வேண்டாம். பதினெட்டு வயது ஆகாதவன் போடுகிற ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது, அதனால் உங்கள் கையெழுத்தைக் கேட்பார்கள். போடுவதற்கு முன்னால் எனக்கு அனுப்புங்கள், தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டிச் சொல்கிறேன். பாட்டை எழுதின நொடியிலேயே அதன் உரிமை அவனுடையது, எங்கேயும் பதிவு பண்ணித்தான் ஆக வேண்டும் என்றில்லை. பாடலாசிரியருக்கு ராயல்டியில் பங்கு உண்டு, அதை எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்று 2012இல் பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தையே திருத்தியிருக்கிறார்கள். அதற்காகவாவது அந்த நோட்டில் ஒவ்வொரு பாட்டுக்குக் கீழேயும் தேதியும் பெயரும் போட்டு வைக்கச் சொல்லுங்கள். கணக்கு நோட்டு வேண்டாம், வருஷக் கடைசியில் பழைய பேப்பர்காரரிடம் போய்விடும். தனியாக ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, கேட்டு பாட்டை முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். மீதியை எழுதி முடித்ததும் அவன் விருப்பப்பட்டால் எனக்கு அனுப்பட்டும், படித்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்